வீட்டு முகவர் எழுதும் வலைப்பதிவில் துணைத்தலைப்புகளை எப்படி வைப்பது?

கேட்டவர் கோலாலம்பூரில் புதிதாக வீட்டு முகவராகச் சேர்ந்திருக்கிறார். தமிழில் வலைப்பதிவு எழுதுகிறார். ஒவ்வொரு பதிவும் ஆயிரம் சொல்லைத் தாண்டுகிறது, படிக்கிறவர்கள் பாதியிலேயே போய்விடுகிறார்கள், நடுநடுவே துணைத்தலைப்பு போட்டால் சரியாகுமா, போட்டால் எங்கே போடுவது, எத்தனை போடுவது என்று கேட்டிருக்கிறார். நான் இதே ஊரில் பதினொரு வருடமாக இதே வேலை செய்கிறேன், ஐந்து வருடமாகப் பதிவும் எழுதுகிறேன். தலைப்பு வைக்கத் தெரியாமல் ஒரு வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

இங்கே செந்தூலில் ஒரு கொண்டோ (அடுக்குமாடி), சப்சேல் வீடு, அதாவது ஏற்கெனவே ஒருவர் வாங்கியதை மறுபடி விற்பது. அதற்கு நான் எழுதிய பதிவில் நான்கு துணைத்தலைப்பு இருந்தது: ‘உங்கள் கனவு இல்லம்’, ‘நகரின் நடுவே ஓர் அமைதி’, ‘வசதிகளின் உச்சம்’, ‘இன்றே அழையுங்கள்’. எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. அதைப் படித்துவிட்டு சிரம்பானிலிருந்து ஓர் அக்காவும் அவர் கணவரும் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். 13ஏ மாடி. (நான்கு ராசியில்லாத எண் என்று பதினான்கு என எழுத மாட்டார்கள், நான்காவது மாடி 3ஏ ஆவது போலத்தான்.) அக்கா சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் வேகம் பார்த்தார், பால்கனியில் நின்று துணி காயப்போட இடம் போதுமா என்று கையால் அளந்தார். சரி, பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் அண்ணன் கேட்டார்:

“ஃப்ரீஹோல்டுதானே தம்பி?”

“லீஸ்ஹோல்டுண்ணே. இன்னும் அறுபத்துச் சொச்சம் வருசம் இருக்கு.”

(ஃப்ரீஹோல்டு என்றால் நிலம் நிரந்தரமாகச் சொந்தம், லீஸ்ஹோல்டு என்றால் குத்தகைக் காலம் முடியும்வரைதான்.) அக்கா திரும்பிப் பார்த்தார். “இத முன்னாடியே சொல்லியிருந்தா டோல் கட்டி இவ்ளோ தூரம் வந்திருக்க மாட்டோமே.”

“பதிவுல எழுதியிருக்கேங்க்கா” என்று சொல்லி ஃபோனை எடுத்தேன். தேடினால் எனக்கே கிடைக்கவில்லை. கட்டைவிரலால் மேலே தள்ளுகிறேன், கீழே தள்ளுகிறேன், இரண்டு பேரும் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் நீச்சல் குளத்துக்கும் ஜிம்முக்கும் நடுவில், ‘வசதிகளின் உச்சம்’ என்ற தலைப்புக்கு அடியில் ஒரே ஒரு வரியாகக் கிடந்தது. அண்ணன் அதைப் படித்துவிட்டுக் கோபப்படாமல்தான் கேட்டார்: “லீஸ்ஹோல்டு எப்படித் தம்பி வசதியாகும்?”

அன்று ராத்திரி வாட்ஸாப்பைத் திறந்து, இரண்டு மாதமாக வீடு விசாரித்தவர்கள் என்னென்ன கேட்டிருக்கிறார்கள் என்று உட்கார்ந்து படித்தேன். கேள்விகளும் அவை வந்த வரிசையும் ஏறக்குறைய எல்லாரிடமும் ஒன்றாகவே இருந்தன. விலை இறங்குமா, கிராண்டு (நிலப் பட்டா) ஃப்ரீஹோல்டா, மாதம் பராமரிப்பு எவ்வளவு, கார் நிறுத்த எத்தனை இடம், எல்ஆர்டி ரயிலுக்கு நடக்கலாமா, தமிழ்ப்பள்ளி பக்கமா, வாசல் எந்தத் திசை, கையில் எவ்வளவு பணம் வேண்டும். கனவு இல்லமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

என் பதில் கிட்டத்தட்ட இவ்வளவுதான்: உங்கள் வாட்ஸாப்பில் வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே துணைத்தலைப்பாக்குங்கள். பதிவை எழுதிவிட்டு எங்கே வெட்டலாம் என்று தேடாதீர்கள். முதலில் தலைப்புகளை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றுக்கும் கீழே பதிலை நிரப்புங்கள்.

அந்தச் செந்தூல் பதிவை எப்படி மாற்றினேன் என்று காட்டுகிறேன். முதல் துணைத்தலைப்பு ‘லீஸ்ஹோல்டு, மிச்சம் அறுபத்துச் சொச்சம் ஆண்டு: லோன் கிடைக்குமா?’ என்று ஆனது. அதன் கீழே, குத்தகை ஆண்டு குறையக் குறைய பேங்க் தயங்கும் என்பதையும், பெயர் மாற்ற நில அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்குச் சில மாதம் பிடிக்கும் என்பதையும் எழுதினேன். அடுத்தது ‘பராமரிப்புக் கட்டணம் மாதம் எவ்வளவு?’ சதுர அடிக்கு 30 காசு என்றால் 1,000 சதுர அடி வீட்டுக்கு 300 வெள்ளி (ரிங்கிட்), அதற்கு மேல் சிங்கிங் ஃபண்டு (பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதி) பத்தில் ஒரு பங்கு, ஆக மொத்தம் 330. மூன்றாவது ‘எம்ஆர்டி, எல்ஆர்டி: எது நடக்கும் தூரம்?’ பழைய பதிவில் செந்தூல் எல்ஆர்டியும் கேடிஎம் ரயில் நிலையமும் மட்டும்தான் இருந்தன. புத்ராஜெயா எம்ஆர்டி வழித்தடம் 2023 மார்ச் 16 அன்று முழுதாகத் திறந்த பிறகு செந்தூல் பாராட் நிலையமும் வந்துவிட்டது. கேள்வியாகத் தலைப்பு வைத்ததால்தான் அந்தப் பத்தி பழசாகிவிட்டது எனக்கே கண்ணில் பட்டது. ‘நகரின் நடுவே ஓர் அமைதி’க்குக் கீழே இருந்தவரை தெரியவில்லை.

நீங்கள் பயப்படுவது புரிகிறது. லீஸ்ஹோல்டு என்று மேலேயே போட்டால் ஆள் ஓடிவிடுவாரே. ஓடுவார்தான். வேண்டாதவர் வீட்டிலிருந்தே ஓடினால் சனிக்கிழமை உங்களுக்கு மிச்சம், டோல் அவருக்கு மிச்சம். இப்போது எனக்கு வரும் அழைப்புகள் குறைந்திருக்கின்றன. ஆனால் அழைக்கிறவர்கள் லீஸ்ஹோல்டு என்று தெரிந்தே அழைக்கிறார்கள்.

தமிழில் எழுதும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நம் வாக்கியத்தில் முக்கியமானது கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘இந்த வீட்டை வாங்க நீங்கள் முதலில் கட்ட வேண்டிய டெப்போசிட்’ என்று வைத்தால், படிக்கிறவர் கண் ‘இந்த வீட்டை’ என்பதோடு கீழே இறங்கிவிடும். ஜேக்கப் நீல்சன் என்பவர் 2006இல் 232 பேரின் கண்ணசைவைப் பதிவு செய்து, திரையில் நாம் படிப்பது ஆங்கில ‘எஃப்’ எழுத்து வடிவில் இருப்பதாகக் காட்டினார். மேலே இரண்டு வரியை ஓரளவு முழுதாகப் பார்க்கிறோம், அப்புறம் இடப்பக்க ஓரத்தோடு கண் வழுக்கிக்கொண்டு போகிறது. அதனால் சரக்குள்ள சொல் இடப்பக்கம் இருக்கட்டும்: ‘டெப்போசிட்: முதலில் எவ்வளவு, எப்போது?’ சொல்லை முன்னே பின்னே மாற்றிப் போட்டாலும் தமிழ் கோபித்துக்கொள்ளாது. அந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வாடகை வீட்டுப் பதிவில் ஒரு தலைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் வாடகைக்கு விசாரிக்கும்போது முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பதாக இருக்காது. சற்றுத் தயங்கிவிட்டு, “அண்ணே, நம்மாளுங்களுக்குக் குடுப்பாங்களா?” என்பார்கள். இந்த ஊரில் வீடு தேடிய தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டைப் போய்ப் பார்த்து, பிடித்து, கடைசியில் இனத்தைச் சொல்லி இல்லை என்று கேட்டுவிட்டுத் திரும்பியவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார்கள். நான் இப்போது பதிவு எழுதும் முன்பே வீட்டுக்காரரிடம் நேராகக் கேட்டுவிடுகிறேன். எல்லாருக்கும் தருவேன் என்று சொல்லும் வீட்டைத்தான் என் பக்கத்தில் போடுகிறேன், முதல் துணைத்தலைப்பே ‘எல்லா இனத்தவருக்கும் வாடகைக்கு உண்டு’. அப்புறம்தான் இரண்டு மாத வாடகை டெப்போசிட், அரை மாத வாடகை அளவு மின்சார தண்ணீர் டெப்போசிட் கணக்கெல்லாம். ஒரு பையன் அந்தத் தலைப்பை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, “இது உண்மையாண்ணே?” என்று கேட்டான். வேறெதையும் அவன் படித்த மாதிரி தெரியவில்லை.

வரி, சட்டம் பற்றி எழுதும் பதிவுகளுக்குத் தலைப்பில் எண் இருந்தால் நல்லது. ‘முத்திரை வரி பற்றி ஒரு பார்வை’ என்று வைத்தால் யாரும் உள்ளே வர மாட்டார்கள். ‘450,000 வெள்ளி வீட்டுக்கு முத்திரை வரி எவ்வளவு?’ என்று வையுங்கள். கீழே கணக்கு: முதல் 100,000க்கு 1 விழுக்காடு, அதாவது 1,000. மிச்சம் 350,000க்கு 2 விழுக்காடு, அது 7,000. மொத்தம் 8,000 வெள்ளி. 90 விழுக்காடு லோன் எடுத்தால் லோன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, 2,025 வெள்ளி. முதல் வீடு வாங்குபவருக்கான விலக்கைத் தனித் துணைத்தலைப்பாக, ஆண்டைப் போட்டு எழுதுங்கள். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் அது மாறும், நீளும். ஆண்டு இல்லாமல் எழுதினால் மூன்று வருடம் கழித்து யாராவது உங்கள் பதிவைக் காட்டிச் சண்டைக்கு வருவார். வீடு விற்ற லாபத்துக்கான வரியான ஆர்பிஜிடிக்கும் அதேதான். விற்கிறவர் கேட்பது ‘வாங்கி ஆறாவது வருடம் விற்றால் வரி உண்டா?’ என்பதுதான். குடிமகன் என்றால் 2022 முதல் இல்லை. அந்த ஒரு வரி தலைப்புக்கு நேர் கீழே நிற்கட்டும். மூன்று வருடத்துக்குள் விற்றால் 30 விழுக்காடு, நான்காவது வருடம் 20, ஐந்தாவது வருடம் 15 என்ற விவரமெல்லாம் அதன் பின்னால் வரலாம்.

இனி கணினிப் பக்கம். நிறைய முகவர்கள் வரியைத் தடித்த எழுத்தாக்கி, அளவைப் பெரிதாக்கி, அதுதான் துணைத்தலைப்பு என்று நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தலைப்பு மாதிரி இருக்கும், கணினிக்கு அது வெறும் வரிதான். வேர்ட்பிரஸ்ஸிலோ கூகுள் டாக்ஸிலோ ‘ஹெடிங்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேர்ட்பிரஸ்ஸில் பதிவின் பெயரே பெரும்பாலும் ஹெடிங் 1 ஆகிவிடும், நீங்கள் 2இலிருந்து ஆரம்பியுங்கள். 3 எப்போதாவது தேவைப்படும், அதற்குக் கீழே நான் இறங்கியதே இல்லை. பார்வையற்றவர்கள் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும்போது ‘எச்’ விசையைத் தட்டித்தான் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவார்கள். வெறும் தடித்த எழுத்தாக இருந்தால் அவர்களுக்கு முழுப் பதிவும் ஒரே பத்தி. கூகுளில் மேலே வர ஹெடிங் வரிசை பிசகக்கூடாது என்று யாராவது வகுப்பு எடுத்தால் காசு கொடுக்காதீர்கள். வரிசை தேடலுக்கு முக்கியமில்லை, திரைவாசிப்பானுக்குத்தான் உதவும் என்று கூகுளின் சொந்த வழிகாட்டியே சொல்கிறது.

தமிழ்த் தலைப்பைக் கைப்பேசியில் ஒருமுறை திறந்து பார்க்காமல் வெளியிடாதீர்கள். ‘பெயர்மாற்றக்கட்டணவிவரங்கள்’ என்று சேர்த்து எழுதிவிட்டு, பாதிச் சொல் திரைக்கு வெளியே நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்துக்காகச் செய்த வார்ப்புருக்களில் வரி இடைவெளி நெருக்கமாக இருக்கும், தலைப்பு இரண்டு வரியானால் மேல்வரியின் உகரக் குறியும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் ஒன்றையொன்று இடிக்கும். சொற்களைப் பிரித்து எழுதுங்கள், இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

எனக்கு அதிகம் பயன்பட்ட விஷயம் இதுதான். வேர்ட்பிரஸ்ஸில் ஒவ்வொரு ஹெடிங்குக்கும் ‘ஆங்கர்’ என்று ஒரு பெயர் கொடுக்கலாம். அந்தப் பெயரோடு சுட்டியை அனுப்பினால், தட்டுகிறவருக்குப் பதிவு அந்தத் தலைப்பிலேயே திறக்கும். டெப்போசிட் எவ்வளவு என்று ஒருவர் வாட்ஸாப்பில் கேட்டால் நான் தட்டச்சு செய்துகொண்டிருப்பதில்லை, அந்த இடத்துக்கான சுட்டியை அனுப்பிவிடுகிறேன். முதலில் 2 அல்லது 3 விழுக்காடு, ஒப்பந்தம் போடும்போது மொத்தம் 10 என்பதெல்லாம் அங்கே நிதானமாக எழுதி இருக்கிறது. ஆங்கர் பெயரை மட்டும் தமிழில் வைக்காதீர்கள். சுட்டியைக் காப்பி செய்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக ஒன்பது எழுத்தாக விரியும். ‘பராமரிப்புக் கட்டணம்’ என்ற இரண்டு சொல் மட்டும் 170 எழுத்தைத் தாண்டுகிறது. வாடிக்கையாளர் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ மோசடிச் சுட்டி என்று என் எண்ணையே பிளாக் செய்திருக்கிறார். ஆங்கில எழுத்தில் ‘ஃபீ’, ‘லீஸ்’ என்று சின்னதாக வைத்தால் போதும்.

எத்தனை தலைப்பு என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். எண்ணிக்கை எதுவும் கிடையாது. இரண்டு வரிக்கு ஒரு தலைப்பு போட்டால் அரசாங்கப் படிவம் மாதிரி ஆகிவிடும், முந்நூறு சொல் பதிவுக்கு ஒன்றுமே வேண்டாம். ஆர்இஎன் எண்ணும் (முகவரின் பதிவு எண்) நிறுவனத்தின் பெயரும் பதிவில் இருந்தாக வேண்டும், ஆனால் அவற்றுக்குத் தலைப்பு தேவையில்லை, அடியில் போடுங்கள். ஆண்டு போட்டு எழுதிய தலைப்புகளை மட்டும் ஒவ்வொரு பட்ஜெட் முடிந்ததும் ஒருமுறை தேடிப் பாருங்கள். இதை எழுதும்போதுதான் பார்த்தேன், ‘2023’ என்று தலைப்பில் தொங்கிக்கொண்டிருக்கும் பதிவு என்னிடமே மூன்று இருக்கிறது.