கசிடியை ஏன் அம்மா வீட்டில் விட்டீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 32. கோவையில் வேலை. 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் முடிந்த பிறகு, அதில் விண்வெளி நிலையத்தின் தலைவராக வரும் கேப்டன் சிஸ்கோவின் வாழ்க்கை எப்படிப் போயிருக்கும் என்று ஒன்றரை வருடமாக எழுதி வருகிறேன். 210 பக்கம் ஆகிவிட்டது. வேறொரு உலகத்தில் அவர் தீர்க்கதரிசிகளோடு (காலத்துக்கு அப்பால் வாழும், உடலற்ற உயிர்கள்; பேஜோர் கோளின் மக்கள் தெய்வமாக வணங்குபவர்கள்) இருக்கும் பகுதி நன்றாக வந்திருக்கிறது. அவர் மனைவி கசிடியையும் குழந்தையையும் இப்போதைக்கு அவளுடைய அம்மா வீட்டில் விட்டிருக்கிறேன். சிஸ்கோ ஒரு வருடத்தில் திரும்பி வந்தால் நன்றாக இருக்குமா, 20 வருடம் கழித்து வந்தால் நன்றாக இருக்குமா? அடுத்தவர் படைத்த பாத்திரத்தை வைத்து எழுதுவது வீண் வேலை என்கிறான் நண்பன். என் மனைவியும் பிரசவத்துக்குத் தேனி போனவள் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள், குழந்தைக்கு ஏழு மாதம். அதனால் இரவில் எழுத வசதியாக இருக்கிறது. உங்கள் ஆலோசனை தேவை.

பதில்: நண்பர் சொன்னதை விடுங்கள். பிடித்த கதையை நம் மனதில் மேலே கொண்டுபோவது பாட்டிமார் காலத்திலிருந்து நடப்பதுதான். என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு வரி. "எழுத வசதியாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அது.

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாயையும் பிள்ளையையும் அழைத்து வருவது நம் வீடுகளில் வழக்கம். ஏழு மாதம் ஆகிவிட்டது. தாமதத்துக்கு உடல்நிலையோ வேறு எதுவோ காரணம் என்றால் ஒரு வார்த்தை எழுதியிருப்பீர்கள். நீங்கள் எழுதிய ஒரே காரணம் உங்கள் வசதி. இப்படி எத்தனை கடிதம் பார்த்திருக்கிறேன்! ஒருவருக்குத் தொழில், ஒருவருக்குப் பரீட்சை, உங்களுக்கு சிஸ்கோ. மனைவி ஊரில் இருக்கும்போது கிடைக்கும் அமைதி ருசித்துப்போய், அழைத்து வரும் நாளைத் தள்ளிக்கொண்டே போகிறவர்கள் எல்லோரும் ஒன்றுதான்.

இதே கையால்தான் கசிடியையும் அம்மா வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். நானும் அந்தத் தொடரை முழுதாகப் பார்த்தவள். 1993இல் தொடங்கி 1999இல் முடிந்த ஏழு சீசனில் கசிடியின் அம்மா வீட்டை ஒருமுறைகூடக் காட்டியதில்லை. செஸ்டஸ் கோளில் பேஸ்பால் விளையாடும் சகோதரர் உண்டு, அவ்வளவுதான். அந்த அம்மா வீட்டைக் கட்டியது நீங்கள். கசிடி சரக்குக் கப்பலின் கேப்டன். மாக்கி கலகக்காரர்களுக்குப் பொருள் கடத்தினாள் என்று சிஸ்கோவே அவளைக் கைது செய்தார். தண்டனையை அனுபவித்துவிட்டுத் தலைநிமிர்ந்து அவரிடமே திரும்பி வந்தவள் அவள். அவளைப் போய் ஒரு மூலையில் உட்காரவைத்து, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டீர்கள்.

கடைசி அத்தியாயத்தை மறுபடி பாருங்கள். நெருப்புக் குகையில் எதிரி டுகாட்டோடு சேர்ந்து விழுந்த சிஸ்கோவைத் தீர்க்கதரிசிகள் எடுத்துக்கொள்கிறார்கள். அவர் கசிடிக்குத் தோன்றி விடைபெறுகிறார். அவள் வயிற்றில் பிள்ளை. அந்தக் காட்சியை முதலில் படம்பிடித்தபோது, திரும்பி வருவேன் என்ற வாக்கு அதில் இல்லை. சிஸ்கோவாக நடித்த எவரி புரூக்ஸ் அதை ஏற்கவில்லை. கருப்பின அப்பா ஒருவர் கர்ப்பிணி மனைவியை விட்டுவிட்டுப் போகிறார் என்று தொடர் முடிவது தவறு என்று தயாரிப்பாளர் ஐரா ஸ்டீவன் பேரிடம் பேசினார். காட்சியை மறுபடி எடுத்தார்கள். ஒரு வருடமோ, நேற்றோ, எப்போது என்று சொல்ல முடியாது, ஆனால் வருவேன் என்று சிஸ்கோ சொல்வது அப்படி வந்ததுதான். ஒரு நடிகர் போராடி வாங்கிய வாக்கு அது. அதை வைத்துக்கொண்டு ஒன்றா இருபதா என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

சரி, கேட்டதற்கு வருகிறேன். 2003இல் வந்த ஒரு நாவலில் குழந்தை பிறக்கும் நேரத்துக்கே சிஸ்கோ வந்து சேர்ந்துவிடுகிறார். மகளுக்கு ரெபெக்கா என்று பெயர் வைக்கிறார்கள். தொடரை எழுதியவர்களோ பின்னாளில் ஓர் ஆவணப்படத்துக்காகக் கூடி, 20 வருடம் கழித்து நடப்பதாக ஒரு புதிய அத்தியாயத்தை யோசித்துப் பார்த்தார்கள். ஆக இரண்டையும் யோசித்தாகிவிட்டது. நீங்கள் எந்த எண்ணைப் போட்டாலும் எனக்குக் கவலையில்லை. அந்த வருடங்களில் வீட்டில் யார் இருந்தார்கள், எப்படி இருந்தார்கள் என்று உங்கள் 210 பக்கத்தில் இல்லையே, அதுதான் கவலை.

சிஸ்கோவின் அம்மா சாராவை எப்படி மறந்தீர்கள்? ஏழாவது சீசனில் வருகிறதே. சிஸ்கோ பிறக்க வேண்டும் என்பதற்காக ஒரு தீர்க்கதரிசி சாராவின் உடலுக்குள் வந்தது. பிள்ளைக்கு ஒரு வயது ஆனதும் அது விலகியது, சாரா கணவனையும் குழந்தையையும் விட்டுப் போனாள். நியூ ஆர்லியன்ஸில் உணவகம் நடத்திக்கொண்டு அந்தப் பிள்ளையை வளர்த்தவர் அப்பா ஜோசப். தன்னைப் பெற்றவள் வளர்த்த அம்மா இல்லை, சாரா என்று சிஸ்கோவுக்குத் தெரிந்ததே நடுத்தர வயதில்தான். தெரிந்த அன்று அப்பா மேல் எவ்வளவு கோபப்பட்டார்! அதே தீர்க்கதரிசிகளுக்காக அதே மனிதர் இப்போது தன் பிள்ளையை விட்டுப் போயிருக்கிறார். அந்த ஒளி உலகத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பாரா? அந்தப் பகுதி நன்றாக வந்திருக்கிறது என்கிறீர்கள். எனக்கு நம்பிக்கை இல்லை.

மூத்த மகன் ஜேக் வேறு இருக்கிறான். நான்காவது சீசனில், பிறகு நடக்காமலே போகும் ஓர் எதிர்காலத்தில், விபத்தில் காணாமல்போன அப்பாவை மீட்பதற்காகவே அவன் எழுத்தை விட்டு, மனைவியை இழந்து, கிழவனாகும் அத்தியாயம் ஒன்று உண்டு. இடையிடையே தோன்றும் சிஸ்கோ அவனிடம் கெஞ்சுவார், என்னை விடு, உன் வாழ்க்கையைப் பார் என்று. எழுதாமல் போன புத்தகங்களை நினைத்தும், பார்க்காமல் போகும் பேரப்பிள்ளைகளை நினைத்தும் கெஞ்சுவார். நான் அழுதுகொண்டே பார்த்த காட்சி. இப்படிப்பட்ட அப்பாவை எழுதுகிறவர் பிள்ளையைக் கதைக்கு வெளியே வைக்கக் கூடாது.

அதனால் இருக்கும் 210 பக்கத்தை ஓரமாக வையுங்கள். பேஜோர் கோளில் சிஸ்கோ வீடு கட்டுவதற்காக நிலம் வாங்கிப் போட்டாரே, அங்கே ஆரம்பியுங்கள். வயிற்றில் பிள்ளையோடு கசிடி அந்த வீட்டைக் கட்டினாளா? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் யாரை எழுப்பினாள்? அப்பா என்றால் யார் என்று பிள்ளை கேட்டபோது ஜேக் என்ன சொன்னான்? இதற்குப் பதில் எழுதிய பிறகு சிஸ்கோவை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். அவரைப் பார்த்ததும் குழந்தை முகம் தெரியாமல் அழட்டும், அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளட்டும். அந்த அழுகையின் முன்னால் அவர் நின்று தவிப்பதை அவசரப்படாமல் எழுதுங்கள்.

அந்த அழுகை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு விரைவிலேயே தெரிந்துவிடும், தம்பி. ஏழு மாதக் குழந்தை முகம் பார்க்கும். அடிக்கடி பார்க்காத முகத்தைக் கண்டால் ஒதுங்கும். சிஸ்கோவைத் தீர்க்கதரிசிகள் எடுத்துக்கொண்டார்கள், அவர் கையில் எதுவும் இல்லை. உங்களுக்கும் தேனிக்கும் நடுவில் ஒரு பஸ்தான் இருக்கிறது.

இரவு எழுத முடியாதே என்று கேட்பீர்கள். முடியாதுதான். குழந்தை தூங்கினால் அரை மணி நேரம் கிடைக்கும், அதில் எழுதுங்கள். மனைவிக்கும் அப்படி ஒரு அரை மணி நேரத்தை நீங்கள் கொடுங்கள்.

இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், தொட்டில் மாட்ட உத்தரத்தில் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்கி மாட்டிவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமையே தேனிக்குக் கிளம்புங்கள்.