வாசகர் கேள்வி: பக்கத்து வீடு நிமிர்ந்தது, எங்கள் வீடு ஏன் நிமிரவில்லை?

கேள்வி: கஜா புயலில் எங்கள் ஓட்டு வீட்டின் கூரையும், கோயில் நிலத்தில் குத்தகைக்கு வைத்திருந்த தென்னந்தோப்பும் போயின. பக்கத்து வீட்டாருக்கும் அதே இழப்புதான். ஆனால் அவர்களுக்குத் தோப்பு சொந்தப் பட்டா. மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். ஓராண்டுக்குள் எழுந்துவிட்டார்கள். குத்தகைக்குச் சான்று இல்லாததால் எங்களுக்கு மர நிவாரணம் கிடைக்கவில்லை; அன்று வாங்கிய கடனுக்கு இன்னும் வட்டி கட்டுகிறோம். இரண்டு வீட்டுக்கும் கடல் ஒரே தூரம்தான். நாங்கள் எதில் தவறினோம்?
– ஒரு வாசகி, வேதாரண்யம் வட்டம்

பதில்: நீங்கள் எதிலும் தவறவில்லை, சகோதரி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தபோது உங்கள் தெருவில் வீசிய காற்று ஒன்றுதான். அதைத் தாங்கி எழுவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் இருந்த கையிருப்பு ஒன்றல்ல. அவர்களுக்குப் புயல் எட்டாத ஊரிலிருந்து மாதாமாதம் பணம் வந்தது. உங்களுக்கோ குடியிருந்த கூரையும் பிழைப்புக்கு இருந்த தோப்பும் ஒரே இரவில் போயின.

விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு அறிவித்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காய்க்கக்கூடிய மரத்துக்கு அது மிகச் சிறிய தொகை என்பதே என் கருத்து. உங்களுக்கு அதுவும் வரவில்லை. நெட்டை ரகக் கன்று காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அந்த இடைக்காலத்தைத்தான் பக்கத்து வீட்டார் மகனின் சம்பளத்தால் கடந்தார்கள், நீங்கள் வட்டிக் கடனால் கடந்துகொண்டிருக்கிறீர்கள். கடலோரக் குடும்பங்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் அளக்கிறோமே தவிர, நிலம் யார் பெயரில் இருக்கிறது, வீட்டுக்கு எத்தனை வருமானம், கடன் எவரிடம் என்பவற்றைக் கேட்பதில்லை. ஒரே வீட்டுக்குள்ளும் ஆபத்து சமமாக விழுவதில்லை. 2004 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் கரையோரத்தில் பெண்களும் குழந்தைகளும் பெருமளவில் இறந்தார்கள். படகுகள் திரும்பும் காலை நேரத்தில் மீன் வாங்கவும் விற்கவும் கரையில் நின்றிருந்த பெண்கள் அவர்களில் பலர்.

இனி, கூரை. சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை விளிம்பான இறவாணத்தின் அடியில் காற்று புகுந்து கூரையைத் தூக்குகிறது. ஆகவே, திரும்பக் கட்டும்போது இறவாணத்தை ஒன்றரை அடிக்கு மேல் நீட்டாதீர்கள். திண்ணைக்கு மேலுள்ள சார்ப்பை வீட்டுக் கூரையின் தொடர்ச்சியாக இறக்காமல் தனியாக அமையுங்கள். சார்ப்பு பிய்த்துக்கொண்டு போனாலும் வீட்டுக் கூரையை இழுத்துச் செல்லாது. இரண்டு பக்கச் சரிவைவிட நான்கு பக்கச் சரிவுள்ள கூரை காற்றை நன்றாகத் தாங்கும். செலவு சற்றுக் கூடும் என்றாலும் இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அதைவிட முக்கியமானது, குத்தகையை எழுத்தில் கொண்டுவருவது. குத்தகைதாரரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கென்று தமிழ்நாட்டில் 1969-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. கோயிலுக்குக் குத்தகை செலுத்திய ரசீதுகள் எத்தனை பழையவையாக இருந்தாலும் எடுத்துக்கொண்டு, ஐப்பசி மழைக்கு முன் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பம் கொடுங்கள். உங்கள் பெயரோடு கணவர் பெயரையும் சேர்த்துப் பதிய முடியுமா என்று அங்கேயே கேளுங்கள்.