சோதனைக்கு மறுநாள்

அன்புள்ள சார்,

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை இறுக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். சோதனை போடுகிறார்கள், பிள்ளைகளை மீட்கிறார்கள், ஒரு மாதம் கழித்து அதே பிள்ளை வேறொரு பட்டறையில் நிற்கிறது. வறுமை ஒழியாமல் சட்டத்தை இறுக்கினால் அடி விழுவது அந்தக் குடும்பத்துக்குத்தானே?

- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மீட்ட பிள்ளை திரும்பப் போகிறது என்பது உண்மைதான். ஆனால் வறுமை பிள்ளையை அனுப்புகிறது என்றால், வாசலில் நின்று வாங்கிக்கொள்கிறவர் ஏழை இல்லையே. குறைந்த கூலிக்கு, எதிர்த்துப் பேசத் தெரியாத ஓர் ஆள் அவருக்கு லாபம். அபராதம் அந்த லாபத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை அதையும் ஒரு செலவாக எழுதிவிட்டு வேலையைப் பார்ப்பார். பிள்ளைகள் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் அவர்களுடைய அப்பா அம்மாவின் கூலியும் ஏறாது, இதை நாம் பேசுவதே இல்லை.

இங்கிலாந்தில் 1833-க்கு முன்பும் ஆலைப் பிள்ளைகளுக்காகச் சட்டங்கள் இருந்தன, போய்ப் பார்க்கத்தான் ஆளில்லை. அந்த வருடச் சட்டம்தான் சம்பளத்துக்கு ஆய்வாளர்களைப் போட்டது, அதுவும் நான்கே பேர். பிறப்புப் பதிவு அங்கே 1837-இல்தான் தொடங்கியது என்பதால், பார்வைக்குச் சட்டம் கேட்ட ஒன்பது வயது மாதிரி இருக்கிறது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் போதும், பிள்ளை உள்ளே போய்விடும்.

இன்றும் சிக்கல் வயதில்தான். பதிவேட்டில் பதினெட்டு என்று இருக்கும், கேட்டால் பிள்ளையும் பட்டென்று பதினெட்டு என்று சொல்லும், சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பிறந்த வருடம் கேட்டால் முழிக்கும். நல்ல ஆய்வாளர் முதலாளியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், யார் எந்த வகுப்பு என்று மெதுவாகப் பேச்சுக் கொடுப்பார். தகவல் முன்பே கசிந்துவிட்டால் இதற்கெல்லாம் வழியே இல்லை, எல்லோரும் பின்வாசல் வழியாகப் போயிருப்பார்கள். அதனால்தான் சொல்கிறேன், வயதை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையதாக இருக்க வேண்டும்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து போட்ட கணக்குப்படி 2024-இல் உலகில் சுமார் 13.8 கோடிக் குழந்தைத் தொழிலாளர்கள், அதில் ஐந்தில் மூன்று பேர் விவசாயத்தில். பாதிப்பேருக்கு மேல் வேலை செய்வது தட்டுவதற்குக் கதவே இல்லாத வெட்டவெளியில். சொந்த வீட்டு நிலத்தில் உழைக்கும் பிள்ளைக்கு ஆய்வாளரைவிடப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம்தான் அவசரம், அங்கே நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பட்டறைக்குத் திரும்பிய பிள்ளை விஷயம் வேறு. அது சட்டத்தைப் பாதியில் விட்டதால் வந்தது. பாக்கிக் கூலியை முதலாளியிடம் வாங்கிக் குடும்பத்தின் கையில் கொடுத்து, பள்ளியில் சேர்த்து, வருகைப் பதிவை மாதாமாதம் ஒருவர் பார்க்கிறார் என்றால் அந்தக் குடும்பத்துக்கு எங்கே அடி விழுகிறது? அடுத்த முறை மீட்புச் செய்தி வந்தால், வழக்கு என்ன ஆனது, பாக்கி வந்ததா என்று அந்த அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள். நானும் கேட்கிறேன்.