டிஸபிலிட்டி பென்ஷன்: டெல்டா முன்னாள் படைவீரர்கள் கேட்டவையும் என் பதில்களும்

படைவீரர்களின் சர்வீஸ் பதிவுகளை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்ட் ஆபீஸில் பென்ஷன் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சர்வீஸால் வந்த உடல் குறைக்குத் தரும் டிஸபிலிட்டி பென்ஷனைப் பற்றி தஞ்சாவூர், திருவாரூர், நாகை பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து: ஆர்ட்டிலரியில் 17 வருஷம் இருந்து 2012-ல் நாயக்காக வெளியே வந்தேன் சார். வெளியே வரும்போது பரிசோதிக்கும் டாக்டர்கள் குழுவான ரிலீஸ் மெடிக்கல் போர்டில் காது கேளாமைக்கு 20 சதவீதம் போட்டார்கள். ஆனால் சர்வீஸுக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லி பென்ஷனை மறுத்துவிட்டார்கள். இத்தனை வருஷம் கழித்து ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், கட்டாயம் செய்யுங்கள். பீரங்கிப் பக்கத்தில் அத்தனை வருஷம் நின்றவருக்குக் காது போனதை சர்வீஸுக்குச் சம்பந்தமில்லை என்று எழுதினால் அதை எதிர்க்காமல் விடவே கூடாது.

நம் ஆட்கள் பெரும்பாலும் சதவீதத்தைத்தான் பார்க்கிறார்கள். 20 என்பது குறைந்தபட்சத் தேவை, அவ்வளவுதான். அந்தக் குறை சர்வீஸால் வந்தது அல்லது சர்வீஸால் அதிகமானது என்று போர்டு ஒப்புக்கொள்ள வேண்டும். கேஸ் நிற்பதும் விழுவதும் அந்த ஒரு வரியில்தான்.

அதனால் முதல் வேலையாக மெடிக்கல் போர்டு பேப்பர்களின் முழு நகலை வாங்குங்கள். நாசிக் ரோட்டில் உள்ள உங்கள் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நகல் வந்ததும் இரண்டு இடங்களைப் பாருங்கள். சேர்வதற்கு முன்பே இந்தக் குறை இருந்ததாக எழுதியிருக்கிறதா? சம்பந்தமில்லை என்றதற்குக் காரணம் சொல்லியிருக்கிறதா? சேரும்போது குறை எதுவும் பதிவாகாவிட்டால் அது சர்வீஸில் வந்ததாகவே கொள்ள வேண்டும், அதை நிரூபிக்கும் பாரம் படைவீரர் மேல் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. காரணம் எழுதாத போர்டு கருத்தை வைத்து பென்ஷனை மறுக்க முடியாது என்று 2025-லும் தீர்ப்பு வந்திருக்கிறது.

முதல் அப்பீலுக்கு மறுப்புக் கடிதத்திலிருந்து 6 மாதம்தான் கெடு. உங்களுக்கு அது தாண்டிவிட்டது. இருந்தாலும் தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லி அப்பீல் எழுதுங்கள். அதிலும் அடுத்த அப்பீலிலும் மறுத்தால் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்பதால் தாமதம் ஒன்றுக்காகவே பொதுவாக இதைத் தள்ளிவிடுவதில்லை. ஆனால் பழைய பாக்கி, வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய 3 வருஷத்துக்குத்தான் வழக்கமாகக் கிடைக்கும். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் போகிறது.

பாபநாசத்திலிருந்து: எனக்கு 30 சதவீதம் ஏற்றுக்கொண்டு பணமும் வருகிறது. கூட வேலை பார்த்தவர் அதே 30-க்கு 50 வாங்குகிறார். எப்படி அண்ணே?

அதற்கு ரவுண்டிங் ஆஃப் என்று பெயர். 50-க்குக் கீழே இருந்தால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் கணக்கிட வேண்டும். முதலில் உடல்நிலை காரணமாக அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். முழு சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பானது. 100 சதவீதத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது அடிப்படை. சம்பளம் 40,000 என்றால் 12,000. உங்கள் 30-க்கு 3,600 வரும், 50 ஆக்கினால் 6,000. அகவிலை நிவாரணம் தனி. பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ.வின் நகலோடு ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுங்கள், ராணுவ பென்ஷனுக்கான இணையதளமான ஸ்பர்ஷிலும் புகார் பதியுங்கள்.

வேதாரண்யத்திலிருந்து: என் வீட்டுக்காரர் டிஸபிலிட்டிக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தே இறந்துவிட்டார். கஜா புயலில் பேப்பர் எல்லாம் நனைந்து போய்விட்டது. இனி எனக்கு ஏதாவது உண்டாங்கய்யா?

உண்டு அம்மா. ஊனத்துக்கான தொகை அவர் காலத்தோடு நின்றுவிடும். ஆனால் அவருக்குச் சேர வேண்டியது என்று முடிவானால், அவர் இறந்த நாள்வரையிலான பாக்கியை வாரிசாக நீங்கள் கேட்கலாம். குடும்ப பென்ஷன் வேறு கணக்கு, அது இதனால் பாதிக்காது. அந்தக் குறையே அவர் இறப்புக்குக் காரணமாக இருந்தால் அதையும் மனுவில் எழுதுங்கள், குடும்ப பென்ஷனே கூடலாம். பேப்பர் போனதற்குப் பயப்படாதீர்கள். அவருடைய சர்வீஸ் நம்பர் ஒன்று தெரிந்தால் போதும், மூலப் பதிவுகள் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கும். பாஸ்புக்கிலோ பழைய கேன்டீன் கார்டிலோ தேடிப் பாருங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனுவை எழுதிக் கொடுப்பார்கள். தனியாகப் போகாமல் படித்த பிள்ளை யாரையாவது கூட அழைத்துப் போங்கள்.

ஒரத்தநாட்டிலிருந்து: மகன் லீவில் வந்தபோது அறுவடையில் கதிரடிக்கும் மெஷினில் கை மாட்டிவிட்டது. பென்ஷன் கிடைக்குமா?

மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். லீவில் சொந்த வேலையில் பட்ட காயத்துக்கும் ராணுவ வேலைக்கும் தொடர்பு காட்டுவது மிகவும் கடினம். லீவில் ஸ்கூட்டர் விபத்தில் அடிபட்டவருக்கே 2011-ல் உச்ச நீதிமன்றம் மறுத்திருக்கிறது. யூனிட்டிலிருந்து வீட்டுக்கோ, வீட்டிலிருந்து யூனிட்டுக்கோ போகும் வழியில் நடந்திருந்தால் கதை வேறு, அந்தப் பயணம் டியூட்டி. நடந்த இடத்தை மாற்றி எழுதச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், பையனின் வேலைக்கே ஆபத்து. காயத்தை யூனிட்டுக்கு உடனே தெரியப்படுத்தி, ராணுவ மருத்துவமனையில் சேர்க்கப் பாருங்கள். அடிபட்ட அந்தக் கையை வைத்துக்கொண்டு அவன் சர்வீஸில் தொடர முடியுமா என்பதுதான் இப்போது முக்கியம்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: நாலு வருஷத்துக்கு மட்டும் ராணுவத்தில் சேரும் அக்னிவீருக்கு இதெல்லாம் உண்டா?

மாத பென்ஷன் கிடையாது தம்பி. சர்வீஸால் வந்த ஊனம் என்றால் ஒட்டுமொத்தத் தொகை தருவார்கள்: 100 சதவீதத்துக்கு 44 லட்சம், 75-க்கு 25 லட்சம், 50-க்கு 15 லட்சம். இங்கேயும் சர்வீஸ் தொடர்பைக் காட்ட வேண்டும். ஆகவே சின்ன அடி பட்டாலும் யூனிட்டின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமில் பதிவு செய்துவிடு.

கும்பகோணத்திலிருந்து: கலெக்டர் ஆபீஸ் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் 60 சதவீதம் இருக்கிறது, அதை வைத்து வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் பாக்கியில் பாதி கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். அந்த அட்டை மாநிலச் சலுகைகளுக்கு உதவும். பென்ஷனுக்கு ராணுவ மெடிக்கல் போர்டு போட்ட சதவீதம்தான் கணக்கு. குறை பிறகு கூடியிருந்தால் ரீ-அசெஸ்மென்ட் போர்டு கேட்டு நீங்களே ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் இல்லை. வக்கீல் தேவைப்பட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்டுப் பாருங்கள். ஸ்பர்ஷ் பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் அந்த ஆளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தால் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.