அழுத்தம் கூர்முனையாகத் தாவினால் முதலில் கசிவுத் துளையைப் பாருங்கள்

மூச்சுத் தசைகளின் வலிமையை அளக்க, ஆள் அடைத்த குழாயை வாயில் வைத்து முழு பலத்தோடு மூச்சை உள்ளிழுப்பார்; அப்போது சென்சார் காட்டுவதுதான் அதிகபட்ச உள்மூச்சு அழுத்தம். அந்தக் குழாயில் ஒரு சின்னக் கசிவு விடுங்கள், உள்விட்டம் சுமார் 2 மி.மீ., நீளம் 20–30 மி.மீ. உள்ள குட்டிக் குழாய் போதும். அழுத்தம் ஒரே ஆளுக்கு ஒருமுறை 70, அடுத்த முறை 140 செ.மீ. நீர் என்று கூர்முனையாக எழும்பி உடனே விழுந்தால், அது பெரும்பாலும் சென்சார் கோளாறு இல்லை.

முழுக்க அடைத்த குழாயில் ஆள் குரல்வளையை மூடிக்கொண்டு, ஸ்ட்ராவில் கடைசிச் சொட்டை உறிஞ்சுகிற மாதிரி கன்னத்தாலேயே இழுத்துவிடலாம். அந்த அழுத்தம் வாய்க்குள்தான், மூச்சை இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கசிவு இருந்தால் குரல்வளையைத் திறந்து நெஞ்சால் இழுத்தாக வேண்டும்.

சோதிக்க, நீங்களே மூச்சை அடக்கிக் கன்னத்தால் மட்டும் உறிஞ்சுங்கள். துளையை விரலால் மூடியிருக்கும்போது அழுத்தம் விழாமல் நிலைத்து, விரலை எடுத்ததும் சரிந்தால் துளை சரி. அப்புறம் சென்சாரையும் சரிபார்க்க, அதோடு இணைத்த யு வடிவக் குழாயில் தண்ணீர் ஊற்றி 50 செ.மீ. உயர வித்தியாசம் கொடுங்கள், சென்சார் சுமார் 4.9 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும்.

உச்சப் புள்ளியைக் குறிக்காதீர்கள், ஒரு வினாடி தாக்குப்பிடித்த அழுத்தத்தை எடுங்கள்.

ஒன்று: எச்சில் துளையை அடைத்தால் பழைய கதைதான், ஒவ்வொருவருக்கும் முன் பாருங்கள். குறைந்த அளவு வந்தாலே தசை பலவீனம் என்று எழுதிவிடாதீர்கள், ஆள் முழு முயற்சி போடாமலும் இருந்திருக்கலாம்.