தீவிரமான விஷயத்தைப் பேசும்போது கூட்டத்தைச் சிரிக்க வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதில் கறாராக இருக்க வேண்டும். காசநோய் பற்றி ஊர்க்கூட்டங்களிலும் மகளிர் குழுக்களிலும் பேசி வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

காசநோய் என்று சொன்னதுமே கூட்டம் இறுகிவிடும். தன் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் வேறெங்கோ பார்ப்பார்கள். அதனால் நோயின் பெயரை எடுக்காமல், இருமலுக்கு நாம் பார்க்கும் வைத்தியத்தில் ஆரம்பிப்பேன். “முதல் வாரம் சுக்குக் கஷாயம். அடுத்த வாரம் மெடிக்கல் ஷாப் தம்பி கொடுத்த சிரப். அப்புறம் மச்சினருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையில் மிச்சம். ஊரில் எல்லாரையும் பார்த்தாச்சு, டாக்டர் ஒருத்தர்தான் பாக்கி!” பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவரவர் வீட்டு ஆள் ஞாபகத்துக்கு வந்திருப்பார். அந்தச் சிரிப்பு அடங்குகிற நேரம்தான் முக்கியம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், அரசு மருத்துவமனையில் அது இலவசம் என்பதை அப்போதே சொல்லிவிடுவேன். காது திறந்திருக்கும்.

தாய்லாந்தில் மெச்சாய் வீரவைத்யா இதைப் பெரிய அளவில் செய்து காட்டினார். 1974-இல் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கி, ஆணுறையைப் பலூன் மாதிரி ஊதும் போட்டிகளை நடத்தினார். வெட்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பொருள் விளையாட்டுச் சாமானாகிவிட்டது. அவர் பெயரையே மக்கள் ஆணுறைக்கு வைத்துவிட்டார்கள். அதிகக் குழந்தை பெற்றவர்களை அவர் கேலி செய்யவில்லை, கூச்சத்தைத்தான் கேலி செய்தார். எனக்குப் பிடித்தது அதுதான்.

சிகிச்சை பற்றிப் பேசும்போது நான் சிரிப்பை அறவே விட்டுவிடுவேன். ஆறு மாத மாத்திரையை, உடம்பு தேறிவிட்டது என்று இரண்டாம் மாதமே நிறுத்துகிறவர்கள் உண்டு. கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடக்கூடும். அங்கே ஒரு ஜோக் சொன்னால் விஷயமே லேசாகிவிடும்.

அதேபோல், நோயாளி மாதிரி இருமிக் காட்டவே கூடாது. கைதட்டல் சுலபமாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் கடைசி வரிசையில் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் அதற்கப்புறம் பரிசோதனைக்கு வருவாரா?

புதிதாக ஒரு நகைச்சுவை தோன்றினால், சிகிச்சை முடித்து நன்றாகிவிட்ட ஒருவரிடம் முதலில் சொல்லிப் பார்ப்பேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கினாலும் சரி, அதை மேடைக்குக் கொண்டுபோக மாட்டேன்.