மீட்டரில் கேபிள் இல்லை, இனி என்ன?

கேள்வி: சர்க்கரை அளக்கும் மீட்டரிலிருந்து பதிவுகளை யூஎஸ்பி வழியாக எடுக்கும் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி ஒன்றை சி மொழியில் எழுதிவருகிறேன். புது மாடலில் கேபிளே கிடையாது, புளூடூத் மட்டும்தான். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓட வேண்டும். எப்படிச் சேர்ப்பது?

பதில்: பழைய கிளாசிக் புளூடூத்தாக இருந்தால் கவலை குறைவு. லினக்ஸிலும் விண்டோஸிலும் சாதாரண சாக்கெட் போலத் திறந்துவிடலாம். ஆனால் புது மீட்டர் அநேகமாக, மின்சாரத்தைக் குறைவாகச் செலவழிக்கும் லோ எனர்ஜி புளூடூத் வகையாகத்தான் இருக்கும். அங்கே புளூடூத்தோடு பேசும் மென்பொருள் லினக்ஸில் ப்ளூஸ் (அதை டி-பஸ் என்ற செய்தித் தடம் வழியே அழைக்க வேண்டும்), விண்டோஸில் வின்ஆர்டி, மேக்கில் கோர்புளூடூத் என்று மூன்றும் மூன்று திசை. மூன்றையும் லைப்ரரிக்குள் திணித்தால் மீட்டரைப் படிக்கும் நிரலை விட அந்தப் பகுதிதான் பெரிதாக வளர்ந்து நிற்கும்.

திணிக்காதீர்கள். இணைப்பை உங்கள் லைப்ரரியைப் பயன்படுத்தும் ஆப் கொடுக்கட்டும். படிக்க, எழுத ஆப் வைத்திருக்கும் ஃபங்ஷன்களைச் சுட்டும் ஃபங்ஷன் பாயின்டர்களை மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். டைவ் கம்ப்யூட்டர்களை (நீரில் மூழ்குவோர் அணியும் கருவிகளை) படிக்கும் லிப்டைவ்கம்ப்யூட்டர் என்ற லைப்ரரி லோ எனர்ஜிக்கு இந்த வழியில்தான் போகிறது. அதைப் பயன்படுத்தும் சப்சர்ஃபேஸ் என்ற ஆப், க்யூடி புளூடூத் லைப்ரரியை வைத்து இணைப்பைத் தருகிறது. பைத்தான் ஆப் என்றால் இதற்கு ப்ளீக் என்ற லைப்ரரி இருக்கிறது.

யூஎஸ்பிக்கு எழுதிய ரீட், ரைட் அப்படியே போதாது. எந்த கேரக்டரிஸ்டிக்கில் (லோ எனர்ஜி கருவி தரவைப் பரிமாறும், எண்ணிட்ட தனித்தனி இடம்) எழுதுகிறோம், எதிலிருந்து வருகிறது என்பதும் கூடவே வர வேண்டும். உங்கள் மீட்டர் 1808 என்ற எண் கொண்ட, புளூடூத் தரப்படுத்திய குளுக்கோஸ் சர்வீஸைக் காட்டினால் அதிர்ஷ்டம்தான், நெறிமுறை பொதுவில் இருக்கிறது. முதலில் அதிலுள்ள 2ஏ18 (அளவுகள் வரும் கேரக்டரிஸ்டிக்), 2ஏ52 (பதிவுகளைக் கேட்கும் கேரக்டரிஸ்டிக்) இரண்டுக்கும் சப்ஸ்கிரைப் செய்யுங்கள். அப்புறம் 2ஏ52-இல் 1, 1 என இரண்டு பைட் எழுதினால், சேமித்த பதிவுகள் எல்லாம் 2ஏ18 வழியே வரிசையாக வரும். 2ஏ52-இலிருந்து 6, 0, 1, 1 வந்தால் வேலை முடிந்தது. கம்பெனியின் சொந்த நெறிமுறை என்றால், ஒரு பாக்கெட்டில் 20 பைட்டை மட்டுமே நம்பலாம். துண்டுகளை ஒட்டுவது உங்கள் பொறுப்பு.

மீட்டரின் புளூடூத் முகவரியை ஆறு பைட் எண்ணாக வைக்காதீர்கள், வெறும் ஸ்ட்ரிங்காக வாங்குங்கள். கோர்புளூடூத் வன்பொருள் முகவரியைக் காட்டாது; தானே ஒரு யூயூஐடி (நீளமான அடையாளக் குறி) தரும், அதுவும் வேறு கணினிக்குப் போனால் செல்லாது.

இப்படிப் பிரித்துவிட்டால், பதிவுசெய்த பைட்களைத் திருப்பி அனுப்பும் போலி இணைப்பை வைத்தே டெஸ்ட் ஓட்டலாம். பேட்ச் (நிரலில் செய்த திருத்தம்) அனுப்புகிற எல்லோரிடமும் மீட்டர் இருக்காது அல்லவா?